தீபாவளிப் பரிசுகளைப் பளபளப்புத் தாள் இல்லாமல் எப்படிச் சுற்றுவது?

வைகைக்கரை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஒவ்வொரு தீபாவளிக்கும் காவலாளி, துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்கள், தண்ணீர் லாரி ஓட்டுநர் என்று முப்பது, முப்பத்தைந்து பேருக்குப் பரிசு கொடுப்போம். ஆளுக்கு அரைக்கிலோ இனிப்பு, கொஞ்சம் காரம், கூடவே ஒரு சேலை அல்லது வேட்டி. வீட்டுக்கு வீடு பரிமாறிக்கொள்வது இது போகத் தனி.

இதுவரை ஃபேன்ஸி கடையில் வாங்கும் பளபளப்புத் தாளில் சுற்றி, ரிப்பன் பூ ஒட்டித்தான் கொடுத்து வந்தோம். தீபாவளிக்கு மறுநாள் தெருமுனைத் தொட்டியைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பத்து நிமிடம்கூட யார் கையிலும் தங்காத தாள் அத்தனையும் மழையில் ஊறிக்கொண்டு அங்கே கிடக்கிறது.

இந்த வருஷம் அதை விட்டுவிடலாம் என்று கூட்டத்தில் முடிவாகி, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எதில் சுற்றலாம்? பார்க்க நன்றாக இருக்க வேண்டும். எண்ணெய் கசியக் கூடாது. வாங்குகிறவர்களுக்கு, நம்மைக் குறைவாக நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று துளியும் தோன்றக் கூடாது. கையில் ஆறேழு வாரம் இருக்கிறது.

அடையாற்றங்கரை (சென்னை)

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நான் குப்பை சேகரிப்பு மேற்பார்வை வேலையில் இருக்கிறேன். தீபாவளி வாரம் எங்கள் ஆட்களுக்கு எப்படிப் போகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எதில் சுற்றுவது என்பதற்கு அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

முதலில், அந்தப் பளபளப்புத் தாள் தாளே அல்ல. பெரும்பாலும் அது பிளாஸ்டிக் படலம். மேலே மெல்லிசாக அலுமினியம் பூசியிருப்பார்கள். இன்னும் சில, காகிதத்தின் மேல் பிளாஸ்டிக் ஒட்டியவை. இரண்டையும் பழைய பேப்பர் கடைக்காரர் எடுக்க மாட்டார். அட்டைப்பெட்டிக்கும் செய்தித்தாளுக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை உண்டு, இதற்குக் காலணா கிடையாது. விலை இல்லாத பொருளை யாரும் பிரித்தெடுப்பதில்லை. நேராகக் குப்பைமேட்டுக்குத்தான்.

இரண்டாவது, தீபாவளியன்று தெருவில் கிடப்பது பட்டாசுக் குப்பை. மருந்து கலந்தது என்பதால் சென்னையில் அதைத் தனியாக வாரி, அபாயக் கழிவு கையாளும் கும்மிடிப்பூண்டி நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். பரிசு பிரித்த தாளை வாசலில் போட்டு, அது பட்டாசுத் தாளோடு கலந்துவிட்டால் நல்ல அட்டைகூட அதோடு போய்விடும். எதில் சுற்றினாலும் சரி, பிரித்த தாளை வீட்டுக்குள்ளேயே வைத்து, இரண்டு நாள் கழித்துப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இனிப்புப் பெட்டிக்கு மேல் கண்ணாடி மாதிரி இறுக்கமாகச் சுற்றித் தருகிறார்களே, அந்தப் பிளாஸ்டிக் படலத்துக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. அழைப்பிதழின் மேலும் சிகரெட் பெட்டியின் மேலும் சுற்றுகிற படலமும் அதே பட்டியலில் உண்டு. ஆர்டர் கொடுக்கும்போதே "மேலே பிளாஸ்டிக் சுற்றாமல் கொடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். முப்பத்தைந்து பெட்டி வாங்குகிறவர் சொன்னால் கடைக்காரர் கேட்பார்.

நெல்லைக்கிளி

பிரவுன் பேப்பர், சணல் கயிறு. முடிந்தது.

பஞ்சும்நூலும் (திருப்பூர்)

பிரவுன் பேப்பர் நல்லதுதான் கிளி, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வைகைக்கரை அக்கா, நீங்க எப்படியும் துணி கொடுக்கத்தான போறீங்க? அந்தத் துணியையே சுத்துற பொருளாக்குங்க. தனியா எதுவுமே வேண்டாம்.

நான் தையல்காரி. எங்க பக்கம் செய்யறதைச் சொல்றேன். பெண்களுக்குச் சேலையோட ஒரு ரவிக்கைத் துணி. ஆண்களுக்கு வேட்டியோட ஒரு ஈரிழைத் துண்டு. ரவிக்கை பிட்டு எண்பது சென்டிமீட்டர் நீளத்துல வரும், அகலமும் கிட்டத்தட்ட அதே அளவுதான், அதனால சதுரமா இருக்கும். அதை விரிச்சு, மடிச்ச சேலையை நடுவுல குறுக்கா வைங்க. எதிர் எதிர் முனை ரெண்டை மேல மடிச்சு உள்ள சொருகுங்க. மிச்ச ரெண்டு முனையை இழுத்து ஒரு முடிச்சு. டேப் வேண்டாம், கத்தரி வேண்டாம். பிரிச்சதும் அது ரவிக்கைத் துணி. அது குப்பைக்குப் போகாது, எங்கள மாதிரி ஒரு தையக்காரி மெஷினுக்குத்தான் வரும்.

இனிப்புப் பெட்டியை மட்டும் துணியில சுத்தாதீங்க. நெய் இறங்கினா கறை போகவே போகாது, புதுத்துணியைக் கெடுத்த மாதிரி ஆயிடும்.

கூவம்நதி

துணியிலே சுற்றுவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எல்லோரும் பேசுகிறோம். அதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு சாதாரணப் பருத்திப் பை, மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால், தட்பவெப்ப பாதிப்பை மட்டும் பார்த்தால் குறைந்தது 52 முறை பயன்பட வேண்டும். தண்ணீர், ஓசோன் என எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 முறை. பருத்தி தண்ணீரைக் குடிக்கிற பயிர், சாயப்பட்டறைக் கழிவு வேறு. நொய்யலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரிசு சுற்றுவதற்கென்றே புதுத்துணி வாங்கினால், தொட்டிக்குப் போகிற தீங்கைத் தூக்கி ஆற்றில் போட்டதாகத்தான் ஆகும்.

பஞ்சும்நூலும் (திருப்பூர்)

நொய்யல் எங்க ஆறு. அந்த வலி எங்களுக்கு நல்லாவே தெரியும்.

ஆனா நான் சொன்னதை இன்னொருக்க படிங்க. சுத்துறதுக்குன்னு துணி வாங்கச் சொல்லல. எப்படியும் கொடுக்கிற ரவிக்கைத் துணியாலயே சுத்துங்கன்னுதான் சொன்னேன். அதுக்கும் மேல வேணும்னா வெட்டுத்துணி இருக்கு, சின்னப் பிழையால கழிச்சுப் போட்ட ஏற்றுமதித் துணி இருக்கு, அவங்கவங்க வீட்டு அலமாரியில கட்டாத சேலை இருக்கு. நெய்த துணி நெய்தாச்சு, சாயம் போட்டாச்சு. அதை மறுபடி எடுத்துப் புழங்கினா புதுசா ஒரு சொட்டுத் தண்ணியும் செலவில்லை.

அடையாற்றங்கரை (சென்னை)

கூவம்நதி சொன்ன எண்கள் சரிதான். ஆனால் அந்த அறிக்கை டென்மார்க் நிலவரத்தை வைத்துப் போட்டது. அங்கே பிளாஸ்டிக் பையைக் கடைசியில் குப்பைப்பையாகப் பயன்படுத்தி, ஒழுங்காகச் சேகரித்து, எரித்து மின்சாரம் எடுத்துவிடுகிறார்கள். தெருவில் வீசப்படுவதை அவர்கள் கணக்கில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் அது மழைநீர்க் கால்வாயை அடைக்கிறது, மாட்டின் வயிற்றுக்குள் போகிறது, ஆறு வழியாகக் கடலுக்குப் போய்ச் சேர்கிறது. அந்தச் சேதம் எந்த 52-லும் இல்லை.

ஒரு விஷயத்தில் கூவம்நதியோடு முழுக்க உடன்படுகிறேன். ஒரே ஒரு முறை பயன்படும் புதுத்துணி தீர்வே அல்ல.

துணிப்பை என்ற பெயரில் ஏமாற்றுகிற ஒன்றும் இருக்கிறது. கல்யாணத் தாம்பூலத்திலும் துணிக்கடையிலும் கொடுக்கிற, தொட்டால் துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பை. அது துணியே அல்ல, பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த தடையில் அதுவும் அடங்கும். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூல் பிய்த்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும். மொத்தமாக வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஒசாகாவில் ஒருவன்

பஞ்சும்நூலும் அக்கா சொன்ன கட்டு அப்படியே இங்கே ஜப்பானில் ஃபுரோஷிகி முறையின் அடிப்படைக் கட்டு! இங்கே சதுரத் துணியில் பரிசு கட்டுவது ரொம்பப் பழைய வழக்கம். பிளாஸ்டிக் பை வந்த பிறகு குறைந்து போயிருந்தது. 2006-ல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிகோ கொய்கே அதை மறுபடி பரப்புவதற்காகத் தனியாக ஒரு ஃபுரோஷிகியை அறிமுகப்படுத்தினார். பழைய பிளாஸ்டிக் (PET) பாட்டிலிலிருந்து எடுத்த இழையில் நெய்த துணி அது.

எனக்குப் பிடித்தது துணி திரும்பி வருகிற வழக்கம். பரிசைக் கொடுப்பவரே கட்டை அவிழ்த்து, பொருளைக் கொடுத்துவிட்டுத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒரே துணி வருஷக்கணக்கில் உழைக்கும்.

அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு: பொருளின் நீளம், துணியின் மூலைக்கு மூலை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் கட்டு அழகாக உட்காரும். துணி பெரிதாக இருந்தால் ஓரத்தை உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். கடைசி முடிச்சைத் தட்டையாக விழும்படி போடுங்கள். வலது முனை மேலே வருமாறு ஒரு சுற்று, அடுத்து இடது முனை மேலே வருமாறு ஒரு சுற்று. இரண்டும் ஒரே பக்கமாகப் போனால் முடிச்சு கோணலாக நிற்கும், தூக்கும்போது நழுவும்.

ஆச்சிவீடு (காரைக்குடி)

ஜப்பான் வரைக்கும் போயாச்சு. நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கறதைச் சொல்றேன் கேளுங்க.

எங்க பக்கம் சீர் வைக்கிறது, பலகாரம் அனுப்புறது எல்லாமே கொட்டான்லயும் எவர்சில்வர் தூக்குலயும்தான். கொட்டான்னா பனங்குருத்து ஓலையில முடையற சின்னப் பெட்டி. செட்டிநாட்டு ஆச்சிமாருங்க தாங்களே முடைஞ்சு, சாயமேத்தி, மேல மணியும் பூவும் வைச்சு அழகுபடுத்தினதெல்லாம் இன்னமும் வீடுகள்ல இருக்கு. நடுவுல மறைஞ்சு போற நிலைமைக்கு வந்துச்சு. பிறகு இங்கேயே பெண்களுக்குக் கத்துக் கொடுத்து மறுபடி உசுப்பிவிட்டாங்க. இப்ப அவங்களுக்கு அது சம்பாத்தியமாவும் இருக்கு.

எவர்சில்வர் டப்பாவைப் பத்தி யாரும் பேசலையேம்மா. வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கிறீங்க, ஒரு சின்ன டப்பாவுல இனிப்பைப் போட்டுக் கொடுத்தா என்ன? எண்ணெய் கசியாது, எறும்பு ஏறாது, பேத்தி காலம் வரைக்கும் அடுக்களையில இருக்கும். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாதுன்னு நாம வளர்ந்தவங்கதான? ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவோம். வீட்டுக்கு வீடு பரிமாறிக்கிறதுக்கு அதை மறுபடி கொண்டு வாங்க. தாளும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், ரிப்பனும் வேண்டாம்.

வைகைக்கரை (மதுரை)

ஆச்சி, வீட்டுக்கு வீடு டப்பா, தூக்கு என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சங்கக் குழுவில் இன்றே போடுகிறேன். எங்கள் மாடியில் இருக்கும் பெரியம்மாவும் இதையேதான் சொன்னார்.

முப்பத்தைந்து பேருக்கு எவர்சில்வர் எங்கள் நிதிக்குக் கொஞ்சம் அதிகம். கொட்டான் என்றால் எப்படி வாங்குவது? எண்ணெய்ப் பலகாரம் அதில் தாங்குமா?

தேரிக்காடு (திருச்செந்தூர் பக்கம்)

அக்கா, ஓலைப்பெட்டின்னா எங்க ஊரு. எங்க வீட்டுல அம்மா, சித்தி, மதினி எல்லாரும் முடையிறவங்க. விளக்கமாவே சொல்லுதேன்.

பனைமரத்துல விரியாத குருத்தை வெட்டி, வெயில்ல காயப்போட்டு, ஈர்க்கை உரிச்சு எடுத்துட்டு, ஒரே அகலத்துக்குக் கிழிப்பாங்க. கலர் வேணும்னா கொதிக்கிற தண்ணில சாயத்தைப் போட்டு ஓலையை முக்கி எடுக்கணும். முடையும்போது லேசா ஈரம் இருக்கணும், இல்லைன்னா ஒடியும். கருப்பட்டி, பனங்கற்கண்டு, கருவாடு, கல்யாண முறுக்கு எல்லாமே ஒரு காலத்துல இதுலதான் போகும். உடன்குடிக் கருப்பட்டி வாங்கினவங்களுக்குத் தெரியும்.

இப்ப முக்கியமானது. பதனீர் சீசன்ல ஆள் மரத்துல ஏறும்போதுதான் குருத்தோலை தாராளமாக் கிடைக்கும். அதைக் காயவச்சு, கட்டி வச்சுக்கிட்டுத்தான் வருஷம் பூரா முடையிறது. ஐப்பசி மழை பிடிச்சிட்டா புது ஓலை காயாது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது போன் பண்ணி "நூறு பெட்டி வேணும்"னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்ல வேண்டி வரும். நீங்க இந்த வாரமே சொல்லிட்டீங்கன்னா முடைஞ்சிரலாம்.

எண்ணெய்ப் பலகாரத்தை நேரா வைக்காதீங்க. அதிரசம், முறுக்கு, லட்டு எதுவா இருந்தாலும் அடியில வாழைச்சருகு போட்டு வைங்க. அன்னைக்கே சாப்பிடுறதுன்னா இளம் வாழை இலையை அனல்ல வாட்டி வச்சாலும் போதும். ஜீராவுல ஊறுற இனிப்பு வேண்டவே வேண்டாம். ஓலை தாங்காது. மைசூர்பாகு, லட்டு, கருப்பட்டி மிட்டாய், கடலை உருண்டை மாதிரி காய்ஞ்சதா எடுத்துக்கோங்க.

விலையைப் பத்தி ஒரு வார்த்தை. பெரிய கடையில போட்ட விலையைக் கேக்காம வாங்குறவங்க, ஓலைப்பெட்டின்னா மட்டும் "இது வெறும் ஓலைதானேம்மா, குறைச்சுப் போடுங்க"ங்காங்க. ஒரு பெட்டிக்கு மரம் ஏறுன ஆளு இருக்காரு, காயவச்ச ஆளு இருக்காரு, விரல் தேய முடைஞ்ச பொம்பளை இருக்கா. தயவுசெஞ்சு பேரம் பேசாதீங்க.

வடமராட்சி மகள் (யாழ்ப்பாணம்)

தேரிக்காடு அண்ணா, வாசிக்க எங்கட ஊர் மாதிரியே இருக்கு. இஞ்ச பனங்கட்டியைச் சின்ன ஓலைக் குட்டானிலதான் போட்டு விக்கிறவை. குட்டானோடயே ஒராளுக்குக் குடுத்தால் அதுவே வடிவான பரிசு, மேல ஒண்டும் சுத்தத் தேவையில்லை. நான் நத்தாருக்கு (கிறிஸ்மசுக்கு) கொழும்பில இருக்கிற சிநேகிதிகளுக்குக் குட்டான் பனங்கட்டியும் பனங்கிழங்கு ஒடியலும் அனுப்புறனான். பெட்டியை அவை பிறகு நகை வைக்க, ஊசி நூல் வைக்க எடுத்துக்கொள்ளுவினம்.

ஒரு விசயம் சேர்த்துச் சொல்லோணும். குருத்தைக் கனக்க வெட்டினால் மரம் நோகும். ஒரு மரத்தில ஒண்டு ரண்டுக்கு மேல எடுக்காமல் மாறி மாறி எடுக்கிற ஆக்களிட்டயே வாங்குங்கோ. போர்க் காலத்தில எங்கட பனைகள் எவ்வளவோ அழிஞ்சு போச்சு, மிஞ்சினதுகளைக் கவனமாப் பாக்கோணும்.

தேரிக்காடு (திருச்செந்தூர் பக்கம்)

தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி. குருத்தை மொட்டையடிச்சா அந்த மரம் அப்புறம் தேறாது.

கூவம்நதி

துணி விஷயத்தில் பஞ்சும்நூலும் சொன்ன விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். எப்படியும் கொடுக்கிற துணி என்றால் அந்தக் கணக்கே மாறிவிடும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வீட்டிலேயே கிடக்கிற செய்தித்தாளை ஏன் யாரும் சொல்லவில்லை? அதைவிட மலிவு, அதைவிட மறுபயன்பாடு வேறு எது?

தாமிரபரணித் தண்ணீர்

பொருளுக்கு மேல் சுற்றச் செய்தித்தாள் சரி. தின்பண்டத்தில் மட்டும் நேராகப் படக் கூடாது. அச்சு மையில் இருக்கிற ரசாயனங்கள் எண்ணெயோடு சேர்ந்து உணவுக்குள் இறங்கும். செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 டிசம்பரிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. வடைக்கடையில் கொடுக்கிறார்களே என்று வீட்டிலும் அதைச் செய்ய வேண்டாம்.

குறிஞ்சிமலர் (திண்டுக்கல்)

இதுவரை எல்லோரும் பொருளைப் பற்றிப் பேசினீர்கள். நான் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

என் அம்மா முப்பது வருஷம் வீட்டு வேலைக்குப் போனவர். தீபாவளிக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைவிட எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு ஜிகினாத்தாளில் சுற்றிய பெட்டி அலமாரியில் அடுக்கியிருக்கும். அம்மாவுக்கு அதே இனிப்பு, பழைய பேப்பரில் மடித்து, கேரி பேக்கில் வரும். அந்தப் பொட்டலத்தை எங்கள் முன்னால் பிரிக்கவே மாட்டார்.

அதனால் வைகைக்கரை சகோதரிக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். சுற்றுச்சூழல் என்று சொல்லிக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்குச் செய்தித்தாளும், சங்க நிர்வாகிகளுக்குப் பட்டுத்துணியும் என்று ஆகிவிட வேண்டாம். எதில் கொடுத்தாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். தலைவர் வீட்டுக்கு ஓலைப்பெட்டி என்றால் காவலாளி அண்ணனுக்கும் அதே அளவு, அதே கலர் ஓலைப்பெட்டி. அப்படிச் செய்தால் யாருக்கும் குறையாகத் தோன்றாது.

வைகைக்கரை (மதுரை)

குறிஞ்சிமலர், நீங்கள் எழுதியதைக் கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் ஒரே பெட்டி என்று தீர்மானம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆச்சிவீடு (காரைக்குடி)

குறிஞ்சி, படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. கொடுக்கிற கையில மரியாதை இருக்கணும்.

லெஸ்டர் தமிழ்

எனக்கு வேறு ஊர்க் கேள்வி. இங்கே இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு மகனுடைய வகுப்பில் எல்லோரும் பரிசு மாற்றிக்கொள்வார்கள். கடையில் ரோல் ரோலாகத் தாள் விற்கிறார்கள். எது மறுசுழற்சிக்குப் போகும், எது போகாது என்று கண்டுபிடிக்க இங்கே ஒரு கைவழி சொல்கிறார்கள். தாளைக் கையில் கசக்கிப் பந்தாக்கி விடுங்கள். கசங்கியபடியே இருந்தால் காகிதம். திரும்ப விரிந்து எழுந்தால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. மினுமினுப்புத் தூள் ஒட்டியிருந்தால் இந்தச் சோதனையே தேவையில்லை, அது ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உதிரியான பிளாஸ்டிக் மினுக்குத்தூளின் விற்பனைக்கு 2023 அக்டோபரிலிருந்து கட்டுப்பாடு வந்துவிட்டது.

குழந்தைகள் கையால் அலங்கரிக்கிற மாதிரி, தாள் மட்டும் வைத்து ஏதாவது செய்யலாமா?

சிலேட்டுப்பலகை

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இது எங்கள் வகுப்பில் குழந்தைகள் விரும்பிச் செய்வது.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ மாதிரி இருக்கும். அதை வண்ணத்தில் தொட்டு பிரவுன் தாளில் பதியுங்கள். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் மாங்காய், நட்சத்திரம், கோலப்புள்ளி என்று செதுக்கிக் கொடுத்தால் அச்சுக்கட்டை தயார். வண்ணத்துக்குக் காவி, மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு. காவி நன்றாக நிற்கும், மஞ்சள் வெயிலில் வெளுக்கும், பீட்ரூட் சீக்கிரம் பழுப்பாகிவிடும், அதனால் அதைக் கொடுக்கிற அன்று செய்யுங்கள். அரிசிமாவைக் கரைத்துத் துணியால் தொட்டு பிரவுன் தாளில் சின்னக் கோலம் போட்டால் காய்ந்ததும் வெள்ளையாக எழுந்து நிற்கும். ஜன்னல் ஓரத்தில் தட்டையாக வைத்துக் காயவிடுங்கள்.

தாள் வாங்கவே வேண்டாம் என்றால் மாதக் காலண்டர் இருக்கிறது. சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு இரண்டு மூன்று வந்து சேர்கிறதே, அந்தப் பெரிய தாள் கெட்டியாக இருக்கும், பின்பக்கம் வெள்ளை. நாம் படிக்கும்போது புத்தகத்துக்கு அட்டை போட்டது அதில்தானே? வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி மடித்து அதன் மேல் அச்சுக் குத்தச் சொல்லுங்கள்.

ஒட்டுவதற்கு செல்லோடேப் வேண்டாம். ஒரு கரண்டி மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிண்டினால் கண்ணாடி மாதிரி பசை வரும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே காய்ச்சிக்கொள்ளுங்கள். சுவரொட்டிப் பசையில் போடுகிற மயில்துத்தம் மட்டும் வேண்டாம், அது விஷம்.

அடையாற்றங்கரை (சென்னை)

டேப் விஷயத்தை ஆசிரியை சொன்னது பெரிய உதவி. செல்லோடேப் பிளாஸ்டிக். காகித ஆலையில் கூழாக்கும்போது தாள் கரைந்துவிடும், டேப்பும் அதன் பசையும் கரையாது. பிசுபிசுப்பாகக் கட்டிகட்டியாக நின்று இயந்திரத்தில் ஒட்டும். நல்ல தாளில் சுற்றி அதன் மேல் முழுக்க டேப் ஒட்டினால் பாதிப் பலன் போய்விடும்.

ரிப்பனும் அப்படித்தான். சாட்டின் ரிப்பன் என்பது பெரும்பாலும் பாலியெஸ்டர், அதுவும் பிளாஸ்டிக்தான்.

பூக்கடைத் தெரு

ரிப்பனுக்குப் பதிலா வாழைநார் இருக்கே! பூ கட்டுற நார்தான். தண்ணில நனைச்சு, விரலால உருவி நேராக்கிக் கட்டினா காயும்போது இறுகிடும். பெட்டி பிரியவே பிரியாது. முடிச்சுல ஒரு கொத்து மரிக்கொழுந்து, இல்லைன்னா வாடாமல்லிப் பூ ரெண்டு சொருகுங்க. மல்லிகை வேண்டாம், சாயங்காலத்துக்குள்ள பழுப்பாகிடும். வாடாமல்லி காய்ஞ்சாலும் கலர் அப்படியே நிக்கும்.

ஒசாகாவில் ஒருவன்

வாடாமல்லி யோசனை அருமை. இங்கே முடிச்சில் பைன் கிளை சொருகுவார்கள்.

கிள்ளை

விதைத் தாள் பற்றி யாராவது சொல்வீர்களா? மண்ணில் புதைத்தால் செடி முளைக்கும் என்கிறார்கள்.

சிலேட்டுப்பலகை

சின்ன வாழ்த்து அட்டைக்குச் சரி. அதுவும் கீரை, துளசி மாதிரி நம் மண்ணுக்குப் பழகிய விதை இருந்தால் நல்லது. ஒரு பெட்டி முழுக்கச் சுற்றுகிற அளவுக்கு வாங்கினால் செலவு அதிகம், பாதிப் பேர் புதைக்கவும் மாட்டார்கள். தனியாக ஒரு சிட்டிகைக் கீரை விதையை மடித்து வைத்துவிட்டாலே போதும்.

பஞ்சும்நூலும் (திருப்பூர்)

வைகைக்கரை அக்கா, ஓலைப்பெட்டியும் துணியும் தனித்தனியா ரெண்டு கையில கொடுக்கிறது சிரமமா இருந்தா மஞ்சப்பையில சேர்த்துப் போட்டுக் கொடுங்க. அரசாங்கம் 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு ஆரம்பிச்சதிலிருந்து அது கிடைக்கிறது ஈஸி. கோயம்பேடு சந்தையில பத்து ரூபாய் போட்டா பை வர்ற மெஷினே வச்சாங்க. ஆனா பை மேல சங்கத்துப் பேரைப் பெருசா அச்சடிக்காதீங்க. வெறும் மஞ்சளா இருந்தா வருஷம் பூரா காய்கறிக்கு எடுத்துட்டுப் போவாங்க, விளம்பரம் இருந்தா உள்ள போட்டுருவாங்க.

வைகைக்கரை (மதுரை)

இன்று வரைக்கும் முடிவானதைச் சொல்கிறேன். இனிப்புக்குத் தேரிக்காடு தம்பி வீட்டு ஓலைப்பெட்டி, நாற்பது சொல்லியாகிவிட்டது, சொன்ன விலைக்கே. அடியில் வாழைச்சருகு, மேலே வாழைநார்க் கட்டு, வாடாமல்லி. சேலை ரவிக்கைத் துணியிலும், வேட்டி துண்டிலும் கட்டப்படும். ஒசாகாத் தம்பி சொன்ன முடிச்சை எல்லோரும் கற்றுக்கொண்டோம். கடைக்காரரிடம் இனிப்பைத் தட்டிலேயே கொடுக்கும்படி பேசிவிட்டோம், பெட்டி, படலம் எதுவும் வேண்டாம் என்று. வீட்டுக்கு வீடு தூக்கும் டப்பாவும்தான். காலண்டர்த் தாளைக் குடியிருப்புப் பிள்ளைகள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பள்ளித் தோழர்களுக்கு அதில் சுற்றுவார்களாம்.

ஒரே ஒரு பயம். பெட்டி முன்கூட்டியே வந்துவிடும், இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. ஓலையில் பூஞ்சணம் பிடித்துவிட்டால்? எப்படி வைத்திருப்பது?

தேரிக்காடு (திருச்செந்தூர் பக்கம்)

பயப்படாதீங்க அக்கா. வந்ததும் முதல்ல பார்சலைப் பிரிச்சிருங்க. ஓலையைப் பிளாஸ்டிக் பைக்குள்ள கட்டி வச்சா உள்ள வேர்த்து அதுலதான் பூஞ்சணம் வரும். மூடியைத் தனியா எடுத்துட்டு, பெட்டியைக் கவுத்து, தரையில படாம பலகை மேலயோ கயித்துக் கட்டில் மேலயோ காத்தோட்டமா அடுக்குங்க. சுவர்ல ஒட்டி வைக்காதீங்க, மழைக்காலத்துல சுவர் ஈரம் இழுக்கும். வெயில் அடிச்சா ஒரு மணி நேரம் காட்டுங்க, உச்சி வெயில்ல ரொம்ப நேரம் வேண்டாம், சாயம் வெளுக்கும், ஓலை ஒடியும்.

அப்படியும் லேசா வெள்ளையாப் பூத்தா தண்ணி ஊத்திக் கழுவாதீங்க. காய்ஞ்ச துணியால அழுத்தித் துடைச்சு, வெயில்ல வச்சு எடுங்க. ஓரத்துல மட்டும் இருந்தா போயிரும். உள்பக்கம் கறுப்பாப் புள்ளி விழுந்திருந்தா அதுல தின்பண்டம் வைக்கவே வேண்டாம், தனியா எடுத்து வைங்க. நான் அஞ்சு பெட்டி கூடுதலாவே வச்சு அனுப்புதேன். இனிப்பைத் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் நிரப்பினாப் போதும், அதுக்கு முன்னால வேண்டாம். வாழைச்சருகையும் அன்னைக்குக் காலையில வெயில் காட்டி, தூசி தட்டி, துடைச்சு வச்சுக்கோங்க.